கேள்வி எண்

தாராவியில் பொதுக் கழிவறையின் தளம் இடிந்து சைனப்பின் கணவர் செத்தபோது நான் எம்எல்ஏ. யார் பொறுப்பு என்று சட்டசபையில் எழுதிக் கேட்டேன். கேள்வியின் எண்ணைச் சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்தேன். "நம்பர் விழுந்துட்டும்மா. இனி சர்க்கார் பதில் சொல்லாம எங்க போவும்?" என்று பீற்றிக்கொண்டேன்.

பதில் வருமுன் சபையின் ஐந்து வருடக் காலம் முடிந்து அது கலைந்தது. பதில் வராத கேள்விகளும் அத்தோடு ரத்து. தேர்தலில் நானும் தோற்றேன். இதை அவளிடம் சொல்ல இந்தக் கோழைக்கு வாய் வரவில்லை.

வியாழன்தோறும் மாஹிம் தர்காவுக்குப் போய்விட்டு என் வீட்டுக்கு வருவாள். இன்றும் வந்தாள்.

"பதில் வந்துட்டா அண்ணாச்சி?"

"இன்னும் இல்லம்மா."

நைந்த சீட்டை நீட்டினாள். "நம்பரு அழிஞ்சிட்டு வருது. புதுசா எழுதித் தாங்க."

அதே எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.