எங்கே கிடைத்த கத்தி

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புதிதாகக் கிடைத்த மடக்குக்கத்தியால் எதை வெட்டினாலும் அது திரும்ப ஒட்டிக்கொண்டது. ஆப்பிளை வெட்டினால் அலகு அடிப்பக்கம் இறங்குவதற்குள் மேல்பக்கம் மூடிக்கொண்டது. சணலை அறுத்தால் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. ரொட்டி தட்டில் கிடந்தபடியே முழுசானது. கத்தி மழுங்கல் என்று யாரும் குறை சொல்ல முடியாது, கை முடியை மழித்துக் காட்டும் அளவுக்குக் கூர். மழித்த முடி திரும்பி வந்து பழைய இடத்தில் நட்டுக்கொண்டது என்பது வேறு விஷயம்.

பழைய மடக்குக்கத்தி சேர்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்புக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். பல் டாக்டர், பஸ் டிரைவர், போட்டோக்காரர் என்று எல்லாத் தினுசும் உண்டு. கத்தி ஒன்று கிடைத்துவிட்டால் அவர்களுக்குத் தலைகால் புரியாது. கொண்டுவந்ததைப் பச்சைத் துணிமேல் வைக்க வேண்டும், செருப்புக்கடைக்காரர் “எங்க கிடைச்சது?” என்று கேட்பார், பதில் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கையில் எடுப்பார்கள். விலையில் பொய் சொல்லலாம், எல்லோரும் சொன்னார்கள். கிடைத்த இடத்தில் பொய் கூடாது. கத்தியைத் துணிமேல் வைத்த மெக்கானிக், “ஸ்டேஷனுக்குப் பின்னாடி பழைய சாமான் கடைல, திருகாணி டப்பாக்குள்ள கிடந்துச்சு” என்றார். எலும்புப் பிடி பழுத்து மஞ்சளாக இருந்தது, அலகு மட்டும் நேற்று வாங்கின கரண்டிபோல் மின்னியது. வருஷக்கணக்கில் அலகில் ஏறிய கறுப்பைத் தேய்த்து எடுப்பதைவிடப் பெரிய பாவம் அந்த அறையில் கிடையாது, அப்படித் தேய்த்துக் கொண்டுவந்த புதுப்பேர்வழிகளை மெக்கானிக்கே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். “நீங்களா தேச்சீங்க?” என்று டிரைவர் நம்ப முடியாமல் கேட்டார். “துருவா இருந்துச்சுப்பா.” அடுத்த கேள்வி வருவதற்குள் பல் டாக்டர் ஆப்பிளை வெட்டிப் பார்த்துவிட்டதால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

உண்மையில் அது தங்கை வீட்டு நாற்காலியில் தொங்கிய சட்டைப் பையில் கிடைத்த கத்தி. சட்டை தங்கை புருஷனுடையது. அவர் தபாலாபீசில் பார்சல் பிரிக்கிறவர், அவர் அப்பாவும் அதே வேலை பார்த்து, அதே கத்தியால் கயிறு அறுத்தவர். மெக்கானிக் அதை விலைக்குக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். “அப்பா கை பட்டது மச்சான், வேற எதுனா கேளுங்க” என்று மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் சிரித்தார். அன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் மெக்கானிக்கின் கை அந்தப் பைக்குள் போய்விட்டது. மூளைக்குத் தெரியாமல் போனதாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஆனால் பையின் பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தது எந்தக் கை என்று அவருக்கே விளங்கவில்லை.

ஒட்டவைக்கும் கத்தியின் புகழ் பரவியது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கிழிந்த கல்யாணப் புடவையோடு ஒருத்தி வந்தாள், கிழிந்ததை ஒட்டாது, தான் வெட்டினதைத்தான் ஒட்டும் என்று தெரிந்து ஏமாந்து போனாள். பழைய சாமான் கடைக்காரர் திருகாணி டப்பாக்களின் விலையை ஏற்றினார். இதற்கிடையில் தங்கை வீட்டில், கத்தி போன பழி ரேடியோக்கா தலையில் விழுந்தது. வீடு துடைக்க வருகிற அந்த அக்கா வாய் ஓயாமல் பேசுவாள், பேச ஆளில்லாவிட்டால் பாடுவாள், அதனால் அந்தப் பெயர். “அவளத் தவிர யாருண்ணா உள்ள வந்தா?” என்று தங்கை கேட்டபோது மெக்கானிக் சாப்பாட்டை மென்றுகொண்டிருந்தார். ஒரு வீட்டில் வேலையை விட்டு நிறுத்தினதும் தெருவே அவளை நிறுத்தியது. அவள் பஸ் டெப்போவில் தரை கழுவப் போனாள். அங்கே வாயே திறப்பதில்லை என்று டிரைவர் பச்சைத் துணிக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். மெக்கானிக்குக் காது சுட்டது. லிஃப்டுக்குள் இருக்கும் கண்ணாடியைத் துணிபோட்டு மூடிவிட்டு வேலை பார்க்கத் தொடங்கினார்.

கடைசியில் மாப்பிள்ளையும் அதிசயம் பார்க்க வந்தார். ஆசையாக, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கையில் சொந்த ஆப்பிளோடு. “எங்க மச்சானோடது” என்று போட்டோக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்தார். மின்னுகிற அலகு அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் பிடியில், அப்பாவும் பிள்ளையும் அழுத்தி அழுத்தித் தேய்ந்த பள்ளத்தில், கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆப்பிளை வெட்டினார். ஆப்பிள் இரண்டாக விழுந்தது, இரண்டாகவே கிடந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். விதை வெளியே தெரிய, வெட்டுவாய் பழுப்பேற ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஒரு பாதியை மெக்கானிக்கிடம் நீட்டினார். “என் கைக்கு ராசியில்ல போல மச்சான்” என்று கத்தியை மடக்கித் துணிமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது மெக்கானிக்குக்கு. செருப்புக்கடைக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்: “எங்க கிடைச்சது?”

“மாப்பிள்ள சட்டைப் பைல.”

மாப்பிள்ளை வாசல்வரை போய்த் திரும்பினார். “இத எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய ஆள் டெப்போல தரை கழுவிக்கிட்டிருக்கு.”

மெக்கானிக் டெப்போவுக்குப் போனார். ரேடியோக்கா துடைப்பத்தை நிறுத்தாமல் அவர் சொன்னதைக் கேட்டாள், காலில் விழ வந்தவரை ஒதுங்கச் சொன்னாள். “எங்கிட்ட எதுக்கு? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? எந்தெந்த வீட்டுல கதவச் சாத்துனாங்களோ அங்க வந்து சொல்லுங்க.” அவள் பின்னால் நடக்க, அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, “கத்திய எடுத்தது நான்தான்” என்றார். சில வீடுகளில் விளங்காமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னார். ஒரு வீட்டில் உள்ளேயிருந்த மாமியாரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்கள். கடைசி வீடு தங்கையுடையது. தங்கை அண்ணனைத் தாண்டிப் போய் ரேடியோக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பி வந்தாள். மெதுவாக, ஒரு மழைக்காலம் முடிகிற நேரத்தில், பாட்டும் திரும்பியது.

கத்தி மாப்பிள்ளையின் பையில் இருக்கிறது, பழையபடி கறுத்துவிட்டது, ஒழுங்காகக் கயிறு அறுக்கிறது. ஒட்டுகிற குணம் மெக்கானிக்கின் கையோடு தங்கிவிட்டது. எந்தக் கத்தியை அவர் எடுத்தாலும் வெட்டினது சேர்ந்துகொள்கிறது. ஒயரை அறுக்க உதவியாளைக் கூப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறார், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, துணிமேல் இருப்பதைத் தொடாமல் பார்த்துவிட்டு வருகிறார். தங்கை வீட்டுக்குப் போனால் ரேடியோக்கா பழம் நறுக்கி எல்லோருக்கும் வைக்கிறாள். அவருக்கு மட்டும் முழு ஆப்பிள், தட்டில் கத்தி இருக்காது. பாட்டை நிறுத்தாமலே வைத்துவிட்டுப் போகிறாள். அவரும் குனிந்தபடி கடித்துத் தின்கிறார்.