கப்பலை ஆட்டியவள்

நீராவிக் கப்பல்கள் கடலுக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. துறைமுகத்தின் பெரிய கப்பல் பட்டறை முதலாளி திடீரென்று கண்ணை மூடியதும், சொத்து முழுவதும் அவருடைய ஒரே மகளுக்கு வந்தது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த இரும்படி? வித்துட்டுக் கல்யாணத்தப் பண்ணிக்கோ" என்று சித்தப்பா ஓயாமல் ஓதினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா பாதியில் விட்டுப்போன கப்பலைக் கட்டி முடித்தாள்.

கப்பலைக் கடலில் இறக்கும் நாளன்று கரை கொள்ளாத கூட்டம். கப்பலின் மேல்தளத்தில் அவளோடு சித்தப்பா, விருந்தாளிகள், வாத்தியக்காரர்கள், கப்பலை வாங்கவிருந்த வணிகர். "இன்னைக்குத் தண்ணியில மிதந்தா அடுத்த ரெண்டு கப்பல் கட்டுற வேலையும் உங்களுக்குத்தான். இல்லேன்னா பக்கத்துப் பட்டறைக்குப் போயிடுவேன்" என்று அவர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கொழுப்பு பூசிய சறுக்குமரங்களின் மேல் கப்பல் காத்திருந்தது. முட்டுக்கட்டைகளைத் தட்டிவிட்டார்கள். வாத்தியம் முழங்கியது. கப்பல் ஒரு சாண் நகர்ந்தது, முனகியது, நின்றுவிட்டது. வாத்தியமும் பாதியில் நின்றது. கரையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் ஓரத்துக்கு விரைந்தாள். கைப்பிடிக் கம்பியின் மேல் குனிந்து, "என்னாச்சு மேஸ்திரி?" என்று கீழே நோக்கிக் கத்தினாள்.

"குளிர்ல கொழுப்பு இறுகிப்போச்சும்மா! ஏறின கடல் வத்த ஆரம்பிச்சிருச்சுன்னா இன்னைக்கு நடக்காது!"

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் சித்தப்பா.

அப்பாவின் மேசையில் அடம்பிடிக்கும் இழுப்பறை ஒன்று உண்டு. இழுத்தால் வராது, இப்படியும் அப்படியும் ஆட்டினால்தான் வரும். அது நினைவுக்கு வந்ததும் சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"மேஸ்திரி! கீழ ஒருத்தர்கூட நிக்கக் கூடாது. எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க!"

ஆட்கள் விலகியதும் விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் இந்த ஓரத்துக்கு வாங்க. நான் சொன்னதும் அந்த ஓரத்துக்கு ஓடணும். திரும்ப இங்க ஓடி வரணும்!"

பட்டும் கோட்டும் திருதிருவென்று விழித்தன.

"உனக்கென்ன கிறுக்கா? கவுந்துரும்!" என்று சித்தப்பா பதறினார்.

"கவுந்துராது. அப்பா கட்டின அடிப்பாகம் சித்தப்பா அது. ஓடுங்க!"

செருப்பை உதறிவிட்டு அவளே முதலில் ஓடினாள். வணிகர் ஒரு கணம் பார்த்தார். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அப்புறம் யார் நிற்பார்கள்? தொப்பி பறந்தது, விசிறி நசுங்கியது. மேளக்காரர் மேளத்தோடு ஓடினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். காலடியில் இரும்பு மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது.

"அசையுதும்மா!" கீழிருந்து மேஸ்திரியின் குரல் கிழிந்தது.

"இன்னொரு தடவை! விடாதீங்க!"

அடுத்த சாய்வில் எதுவோ 'மடார்' என்று விடுபட்டது. கப்பல் வழுக்கியது. சறுக்குமரங்கள் புகைந்தன; கரை பின்னால் பறந்தது; வெள்ளைச் சுவர்போல் நீர் எழுந்து எல்லோரையும் நனைத்தது. கரையில் எழுந்த ஆரவாரத்தில் அவள் போட்ட கூச்சல் அவளுக்கே கேட்கவில்லை. சித்தப்பா கம்பியைக் கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி, "மிதக்குது! நம்ம கப்பல் மிதக்குது!" என்று குழந்தைபோல் குதித்தார்.

மூச்சு வாங்க வணிகர் அருகில் வந்தார். "ரெண்டு இல்ல, மூணு கட்டுங்க."

"கட்டிடலாம்" என்று சிரித்தாள் அவள். "மொதல்ல நம்மளக் கரைக்கு இழுத்துட்டுப் போக யாராவது படகுக்காரங்களக் கூப்பிடுங்க. இதுக்குள்ள இன்னும் எஞ்சினே வைக்கல!"