நான்கு படுக்கை டயர் வார்டு

கொட்டுகிற மழையில் கார் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினேன் என்பது உண்மைதான். மறுக்கவே முடியாதபடி என் மகள் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்று பார்த்துவிட்டாள். ஆனால் அவள் பிறகு எல்லோரிடமும் சொன்ன மாதிரி இடுப்பு வரைக்கும் நீட்டவில்லை. கழுத்து வரைக்கும்தான். மிஞ்சிப் போனால் ஒரு தோள்.

குற்றம் வைப்பருடையது. ரப்பர் தேய்ந்து, கிழிந்து, நாராகத் தொங்கியது. இந்தப் பக்கத்துத் தண்ணீரை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைப்பது, அங்கிருந்ததை இங்கே கொண்டுவருவது, அதோடு அதன் கடமை முடிந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு நீச்சல் குளமே நின்றிருந்தது. மீன் இல்லாததுதான் குறை. பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர். முப்பத்து மூன்று வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டத் தெரியாது, போகச் சொல்லவும் நிற்கச் சொல்லவும் மட்டும் தெரியும். அன்றும் எதுவும் தெரியாத கண்ணாடியைப் பார்த்து, "இடம் இருக்கு, வா வா வா, ரைட்!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

மாலையே மகள் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கையை நீட்டினாள்.

"அம்மா, சாவியக் குடு."

"எந்தச் சாவி?"

"பீரோ சாவியா கேப்பேன்? கார் சாவி."

"கண்ணாடி வழியா தெரியலடி, அதான் வெளிய எட்டிப் பாத்தேன். பாக்காமலே ஓட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பியா?"

"உனக்கு அறுபத்தாறு வயசு ஆச்சும்மா."

"காருக்குப் பதினாலுதான். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நாப்பது. நாப்பது வயசுக்காரி ஓட்டக் கூடாதா?"

அவள் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் மணி பார்த்து ஓடியவள் நான். என் இஷ்டத்துக்குத் திரும்பிய முதல் பொருள் அந்த ஸ்டியரிங்தான். சாவி போனால் மிச்ச ஆயுளை இவரோடு பஸ்ஸில் கழிக்க வேண்டும். இவர் சும்மா வரமாட்டார். ஏறின பஸ்ஸில் எல்லாம் கண்டக்டருக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பார். ஒருமுறை இவர் விசில் அடித்து ஒரு பஸ்ஸே கிளம்பிவிட்டது. கண்டக்டர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் மகள் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமை அண்ணிய வரச் சொல்றேன். அவங்க வண்டியப் பாத்து சரின்னு சொன்னா சாவி உங்கிட்ட. இல்லன்னா எங்கிட்ட. அப்புறம் பேச்சே கிடையாது."

அண்ணி என்றால் மாப்பிள்ளையின் அக்கா. வாகன ஆய்வாளர். அவர் நடந்து வந்தால் லாரிகள் தாமாகவே விளக்கைப் போட்டுக் காட்டும். கல்யாணத்தன்றைக்கே மாப்பிள்ளை வந்த காரின் பின்விளக்கு எரியவில்லை என்று அவரை இறக்கி நடக்க வைத்தவர் என்று ஒரு கதை உலவுகிறது. உலவ விட்டது நான்தான். ஆனாலும் அவரைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

ஆறு நாள் இருந்தது. "என்னங்க," என்றேன், "வண்டிய அட்மிட் பண்ணியாச்சு. இனிமே நான் சொல்றதுதான்."

"சரிங்க மேட்ரன்," என்றார் அவர். அந்தப் பதவியில் நான் பதினோரு வருடம் இருந்தவள். அவர் அப்படிக் கூப்பிட்டால் வேலை செய்யத் தயார் என்று அர்த்தம்.

முதலில் வைப்பர். கடையில் புது பிளேடு ஒரு ஜோடி வாங்கி வந்தேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நான் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துக் கண்ணாடியை ஆபரேஷனுக்குத் துடைப்பது மாதிரி துடைத்துக்கொண்டிருக்க, அவர் மாட்டினார். மாட்டி முடித்து, பூவாளியில் தண்ணீரோடு பானெட் பக்கம் நின்று, "ரைட்!" என்றார். நான் சுவிட்சைப் போட்டேன்.

நீளமானது குட்டையின் இடத்தில், குட்டை நீளமானதின் இடத்தில். இரண்டும் நடுவில் சந்தித்து, ஒரே சமையலறையில் மாட்டிக்கொண்ட ஓரகத்திகள் போல டப்பு டப்பு என்று அடித்துக்கொண்டன. ஒன்று மற்றதன் மேல் ஏறி உட்கார்ந்தது. அடியில் இருந்தது உதறித் தள்ளியது. நான் சிரித்த சிரிப்பில் சுவிட்சை அணைக்கக் கை வரவில்லை.

"நிறுத்து! நிறுத்து! பல்லு உடையப் போவுது!" என்று கத்திக்கொண்டே இவர் பூவாளியை என் ஜன்னல் வழியே கவிழ்த்தார். பதற்றமாம். தண்ணீர் என் மடியில்.

"கண்ணாடி வெளியதான இருக்கு?"

"உள்ளயும் ஒரு பக்கம் இருக்குல்ல மேட்ரன்."

இடம் மாற்றி மாட்டினோம். அதன் பிறகு வைப்பர் போன போக்கு இருக்கிறதே! சத்தம் இல்லை, கோடு இல்லை, ஒரே வீச்சு. கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மழை வராதா என்று இரண்டு நாள் வானத்தை முறைத்தேன்.

அடுத்தது டயர். டிரைவர் கதவை ஒட்டி ஒரு ஸ்டிக்கரில் காற்று முப்பத்து மூன்று என்று போட்டிருந்தது. காற்றை அளக்கும் கேஜ் ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வாழ்நாளில் இரண்டு லட்சம் பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்த கை. பிடித்த பிடியில் டயரே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நான்கு சக்கரத்துக்கும் நான்கு சார்ட் போட்டு, ஹாலில் வரிசையாக ஒட்டினேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் குறிப்பு.

செவ்வாய் காலை நான்கும் முப்பத்து மூன்று. அருமை. மதியம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பார்த்தால் முப்பத்து ஏழு!

"என்னங்க, பிரஷர் எகிறிடுச்சு!"

"எதையாவது நெனச்சுக் கவலப்பட்டிருக்கும்."

நான் சும்மா இருப்பேனா? குண்டூசியால் வால்வை அழுத்தி, புஸ் புஸ் என்று இறக்கி, முப்பத்து மூன்றில் நிறுத்தினேன். புதன் காலை எழுந்து பார்த்தால் இருபத்து ஒன்பது. ராத்திரியோடு ராத்திரியாக நோயாளி துவண்டுவிட்டது. அலறிக்கொண்டு வண்டியை எடுத்து, ஊரைச் சுற்றிப் பெட்ரோல் பங்குக்குப் போய் அளந்தால் முப்பத்து இரண்டு. போகிற வழியிலேயே குணமாகிவிட்டது!

"வெளிக்காத்து பட்டா சரியாவுது. வீட்டுலயே கிடந்தா ஏங்கிப் போவுது, என்ன மாதிரி," என்றார் இவர்.

ஒரே ஒரு புள்ளி ஏற்றிக்கொண்டு, அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றினோம். வீட்டில் அளந்தால் முப்பத்து ஆறு. மறுபடி புஸ். வியாழன் காலை மறுபடி துவண்டது. வெள்ளியும் அப்படியே. காலையில் இறங்கும், ஓடினால் ஏறும், நான் இறக்குவேன், விடிந்தால் படுத்துவிடும். சார்ட்டில் கோடு மலையும் பள்ளமுமாக ஹால் சுவரில் ஓடியது. இப்படி ஒரு விட்டுவிட்டு வரும் காய்ச்சலை நான் எந்த வார்டிலும் பார்த்ததில்லை. அதுவும் நான்குக்கும் ஒரே நேரத்தில்! தொற்றாக இருக்குமோ என்று பின்னால் கிடந்த ஸ்டெப்னியைத் தனி அறைக்கு மாற்றினேன். தனி அறை என்றால் இவர் தூங்குகிற அறை.

சனி மாலை முப்பத்து மூன்றில் நிறுத்தி, நான்கு டயரையும் தட்டிக்கொடுத்து, "நாளைக்கு ஒரு நாள் மானத்தக் காப்பாத்துங்கடா," என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். என் திட்டம் எளிமையானது. ஆய்வாளர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டரைக்கு ஒரு சுற்றுப் போய் வந்தால் பிரஷர் ஏறிச் சரியாக இருக்கும்.

அவர் ஏழு மணிக்கே, மகளோடு, தன் காரில் வந்து இறங்கினார். நான் இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை.

"வணக்கம் அத்தை. சாப்பாட்டுக்கு அப்புறம்னா சோம்பேறித்தனமா இருக்கும், அதான் சீக்கிரம் வந்துட்டேன். வண்டி எங்க?"

வைப்பரைத் தூக்கினார். ரப்பர் நெடுக நகத்தால் தடவினார். தண்ணீர் ஊற்றி ஓடவிட்டார். என் வீட்டுக்காரர் விறைப்பாக நின்றார்.

"யாரு மாட்டினது?"

"நான்தாம்மா. முதல் தடவையே கச்சிதமா உக்காந்துருச்சு," என்றார் வாய் கூசாமல்.

"நல்லா இருக்கு."

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் தன் கேஜை எடுத்துக்கொண்டு டயருக்குப் பக்கத்தில் குனிந்தார். ஒன்று. இரண்டு. சுற்றிவந்து மூன்று, நான்கு. நிமிர்ந்தார்.

"நாலும் இருபத்தெட்டு. முப்பத்திமூணு இருக்கணும் அத்தை."

"இருக்கவே இருக்காது! நேத்து சாயங்காலம் முப்பத்திமூணுல விட்டேன். ஆதாரம் இருக்கு." உள்ளே ஓடி நான்கு சார்ட்டையும் சுவரிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்து பானெட் மேல் பரப்பினேன். "பாருங்க, ஆறு நாளா விட்டுவிட்டு வருது. நானும் பாக்காத வைத்தியம் இல்ல."

ஆய்வாளர் படித்தார். முதல் சார்ட். இரண்டாவது சார்ட். ஓரத்தில் நான் எழுதியிருந்த "இரவு அமைதியாகத் தூங்கியது", "வெளிக்காற்றில் தெளிவு" எல்லாவற்றையும் விடாமல் படித்தார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. கையால் வாயை மூடினார். பிறகு அதுவும் போதாமல் காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார் பாருங்கள், எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மகள் பயந்துபோய், "அண்ணி! அண்ணி, என்ன ஆச்சு?" என்று அவரைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அத்தை, இது காய்ச்சல் இல்ல. வண்டி ஓடினா டயர் சூடாகும், உள்ள இருக்கற காத்து அழுத்தம் கூடும். அது இயல்பு. ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது ஓடாத வண்டிக்கு. காலைல எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். நீங்க ஓடின டயர அளந்து காத்த இறக்கிட்டே இருந்திருக்கீங்க."

எனக்குத் தலையில் ஒரு பல்பு இல்லை, ஆபரேஷன் தியேட்டர் விளக்கே எரிந்தது. "அப்ப முப்பத்திமூணுங்கறது வெறும் வயித்துல எடுக்கற கணக்கா?"

"அதேதான்!"

"ஐயையோ, நான் சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுத்த சக்கரைக்கு வைத்தியம் பண்ணிருக்கேனே!" என் வார்டில் எந்த நர்ஸாவது இதைச் செய்திருந்தால், அவள் காது இன்றைக்கு அவள் தலையில் இருக்காது. நான்கு ஜீவன்களை ஆறு நாள் பட்டினி போட்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாஸா, ஃபெயிலா அண்ணி?" என்றாள் மகள்.

ஆய்வாளர் முகத்தைச் சரிசெய்துகொண்டார். "ஃபெயில்."

மகள் கையை நீட்டினாள். நான் வாதாடவில்லை. தப்பு என்னுடையது. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கத்தில் ஆய்வாளரின் கார் நின்றது.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர்தான் எப்போதும் நோயாளியைவிட மோசமாக இருப்பார். அந்தக் காரின் இடது பின் டயர் தரையோடு அப்பம் மாதிரி உட்கார்ந்திருந்தது. கால் தானாக நடந்தது. கேஜை வைத்தேன்.

"இருபத்திநாலு," என்றேன். "அதுவும் இப்ப ஓடி வந்த வண்டி. சாப்பிட்டதுக்கு அப்புறமே இருபத்திநாலு!"

ஆய்வாளர் வந்து எட்டிப் பார்த்தார். நான் அவருடைய வைப்பரைத் தூக்கினேன். ரப்பர் என் கையோடு வந்துவிட்டது.

"இத எப்ப பாத்தீங்க கடைசியா?"

"ஒரு நாளைக்கு நாப்பது வண்டி பாக்கறேன் அத்தை," என்றார் சின்னக் குரலில். "வீட்டுக்கு வந்தா என் வண்டி இருக்கற பக்கமே திரும்பறதில்ல."

"ஃபெயில்," என்றார் என் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே.

ஆய்வாளர் அந்தக் கிழிந்த ரப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் மகளின் கையைப் பிரித்து, அதிலிருந்த சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அண்ணி! ஃபெயில்னீங்க!"

"வண்டிதான் ஃபெயில். காத்து அஞ்சு நிமிஷத்துல ஏறிடும். ஒரு வண்டிய ஆறு நாள் மூணு வேளை எட்டிப் பாக்கற ஆளு ஊருல வேற யாரு இருக்கா? நான் இல்ல. நீயும் இல்ல." என்னிடம் திரும்பினார். "அத்தை, நாலும் அஞ்சு குறையுது. பம்புல போயி கேஜ் என்ன காட்டினாலும் கவலப்படாம, அஞ்சு மட்டும் ஏத்துங்க. நாளைக்குக் காலைல வெறும் வயித்துல பாருங்க." சற்றுத் தயங்கி, கைப்பையைத் துழாவித் தன் சாவியையும் என் கையில் வைத்தார். "முடிஞ்சா இதையும்."

அவசரக் கேஸ் முதலில். அவருடைய காரை நான் ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில், வீட்டுக்காரர் பின்னால். மகளை என் காருக்குக் காவல் வைத்துவிட்டு ஆமை வேகத்தில் போய்க் காற்றடித்தோம். புது பிளேடும் மாட்டினோம், நீளம் எது குட்டை எது என்று இரண்டு முறை பார்த்து. திரும்பும்போது பக்கத்து சீட்டிலிருந்து சத்தமே இல்லை. நான் ஓட்டுகிற லட்சணத்தை மனசுக்குள் மதிப்பெண் போடுகிறார் என்று முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்கூட்டியே விளக்குப் போட்டு ஓட்டினேன்.

பின்னாலிருந்து இவர் என் காதருகே வந்து கிசுகிசுத்தார். "மேட்ரன், அந்தம்மா தூங்கிருச்சு."

பார்த்தேன். லாரிகள் நடுங்கும் வாகன ஆய்வாளர், வாயை லேசாகத் திறந்து, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, கொர் கொர் என்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியே விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, அடுத்த தெருவுக்குத் திருப்பினேன். டயர் சூடானால் ஆகட்டும்.