காற்று வந்த திசை

எதிர்மேசைக்காரர் இரண்டு தாள்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்திப் பிடித்தார். அவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். முந்தாநாள் அந்தியில் ஊரே அண்ணாந்து பார்க்க வானத்தில் எரிந்துகொண்டு போன தீப்பந்தின் கற்கள் எங்கே விழுந்திருக்கும் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள், அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் பொருந்தினால்தான் வரைபடம் வெளியே போகும். நாற்காலி வாங்குவதிலிருந்து விடுப்பு எடுப்பதுவரை எல்லா விதியையும் வளைத்துவிடும் அந்த விண்கல் ஆய்வு அலுவலகத்தில் இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை. கற்கள் சிதறிக் கிடக்கக்கூடிய இடத்தை நீள்வட்டமாக வரைவார்கள். அதற்கு அங்கே முட்டை என்று பெயர். "முட்டை போட்டாச்சா?" என்று கேட்டுக் கேட்டு அதிலிருந்த சிரிப்பெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது.

முட்டைகள் பொருந்தவில்லை. அவருடையது கரைச் சாலைக்கு மேற்கே, அறுவடை முடிந்த வயல்களின் மேல் கிடந்தது. அவளுடையது சாலையைத் தாண்டிக் கிழக்கே, கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் சேற்றுவெளியின் மேல் கிடந்தது.

"காத்துதான்," என்றார் அவர், கோபமில்லாமல். "வானிலை பலூன் விடுறவங்க காத்து எங்கேருந்து வருதோ அந்தத் திசையத்தான் எழுதுவாங்க. நீங்க அத காத்து போற திசைன்னு போட்டுட்டீங்க."

இது இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் விஷயம். வெளிச்சம் அணைந்த பிறகு கல் எரிவதில்லை. வெறும் கல்லாக, யார் கண்ணிலும் படாமல், சில நிமிடங்கள் விழுந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் காற்று வைத்ததுதான் சட்டம். கடலிலிருந்து வந்த காற்றை அவள் கடலுக்கே திருப்பி அனுப்பியிருந்தாள், கூடவே கற்களையும்.

"நல்லவேளை," என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். "இதுக்குத்தானே ரெண்டு பேர் போடுறோம்."

ஆனால் அவளுடைய முட்டை ஏற்கெனவே வெளியே போயிருந்தது. நேற்று மாலை அதை அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள்.

அண்ணன் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். கண் தரையிலேயே இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மூலையில் ஒரு டைல் தூக்கிக்கொண்டு நிற்பதைத்தான் முதலில் பார்ப்பான். எந்த வரிசையிலும் கடைசி ஆள் அவன்தான். தங்கை படித்தபோது சந்தோஷப்பட்டான், வேலைக்குப் போனபோது சந்தோஷப்பட்டான், தனக்கென்று அவளிடம் எதுவும் கேட்டதில்லை. நேற்றுதான் முதல்முறையாகக் கேட்டான். "ஊரே தேடப் போகுது. ஒரு தடவையாவது நான் முதல்ல போறேனே, பாப்பா. நீ மேல பாத்துப் பொழைக்கிற, நான் கீழ பாத்துப் பொழைக்கிறேன். நடுவுல விழுறது நமக்குத்தான்." அவளுக்கு மனசு இளகிவிட்டது. சரிபார்க்காத வரைபடத்தை அனுப்பி, யாரிடமும் சொல்லாதே, அண்ணியிடம்கூடச் சொல்லாதே, தெரிந்தால் என் வேலைக்கு வேட்டு என்று கீழே எழுதினாள். அவன் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். சொல்லாதே என்றால் அவன் சொல்லமாட்டான். அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திருத்திய வரைபடம் வெளியே போயிற்று. அவள் மாடிப்படிக்கு வந்து அண்ணனை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. "அங்க இல்ல. ரோட்டுக்கு மேற்க. உடனே திரும்பு," என்று எழுதினாள். ஒற்றை டிக்கோடு அது அப்படியே நின்றது. படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே கடல் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசை அதற்குள் காணாமல் போயிருந்தது.

அவன் ஒன்றும் குழந்தை இல்லை, பனியைப் பார்த்ததும் திரும்பியிருப்பான், மேற்கே கூட்டத்தைப் பார்த்திருப்பான், இந்நேரம் அவர்களோடு சேர்ந்து குனிந்துகொண்டிருப்பான் என்றெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டாள். எதிர்மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மீட்புப் படகுக்குப் பேசிவிடுவார். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அவள் போய்த் தன் டீக் கோப்பையைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். இரண்டு பயங்களில் வேலையைப் பற்றிய பயம் சின்னது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதுதான் பக்கத்து அறையில் மேலதிகாரியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பாதிக் காலை இப்படியே போயிற்று.

அப்புறம் அண்ணி அழைத்தாள்.

"உங்க அண்ணன் இன்னைக்கு வேலைக்கே போகலையாம். மேஸ்திரி இப்பத்தான் போன் பண்ணாரு. விடியக்காலையில கெளம்பும்போது ரப்பர் பூட்ஸ் எங்கன்னு தேடுனாரு. உங்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எதிர்மேசைக்காரர் அவளைப் பார்க்காமல் தொலைபேசியை எடுத்து மீட்புப் படகின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கரைச் சாலையின் மேற்கே சந்தைபோலக் கூட்டம். கார்களைக் கண்டபடி நிறுத்திவிட்டு, பையும் காந்தமுமாக வயலில் பரவியிருந்தார்கள். யாரோ கையளவு கறுப்புக் கல்லைத் தூக்கிக் காட்ட, எல்லாரும் கைதட்டினார்கள். சாலையின் மறுபக்கம் அண்ணனின் மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது, சுத்தமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். அதன் இருக்கையில் கைவைத்தபடி அண்ணி நின்றிருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள்.

சேற்றில் காலடிகள் தெரிந்தன. ஒரு வரிசை நேராகப் பனிக்குள் போயிற்று, ஒரு முழம் தள்ளி இன்னொரு வரிசை திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. நூல் பிடித்தாற்போல இருந்தது. இடைவெளி எங்கேயும் கூடவுமில்லை, குறையவுமில்லை. தெற்கிலிருந்து வடக்காக அவன் அந்தச் சேற்றையே ஒரு கூடத்துத் தரையாக நினைத்து வேலை பார்த்திருக்கிறான். கடைசி வரிசை போனது மட்டும் இருந்தது. அதன் குழிகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அந்தச் சேற்றில் தண்ணீர் முன்னால் வராது. ஓடைகள் வழியாக நடக்கிறவனுக்குப் பின்னால் வந்து வழியை மூடும்.

மீட்புப் படகுக்காரர் எஞ்சினை ஓடவிட்டு, கரையோரம் படகைப் பிடித்தபடி நின்றார். தட்டையான சின்னப் படகு.

"தண்ணி ஏற ஆரம்பிச்சாச்சு. சேத்துக்கு நடுவுல பெரிய ஓடை இருக்கு, இந்தப் பனியில அதுக்கு வடக்க ஒருதரம், தெக்க ஒருதரம்னு தேட நேரம் கிடையாது. நீங்கதான் கணக்குப் போடுறவங்களாமே. எந்தப் பக்கம்னு சொல்லுங்கம்மா."

அவள் பனியைப் பார்த்தாள். எடுத்த வரிசையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை அண்ணன். அப்படியென்றால் வடக்காக நகர்ந்துவந்த அந்தக் கடைசி வரிசையின் நுனியில், ஓடைக்கு வடக்கே. ஆனால் தண்ணீரைப் பார்த்துப் பயந்திருந்தால் மனிதச் சத்தம் வரும் பக்கமாக நடந்திருப்பான். பனிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும். அவன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. பயந்தால் என்ன செய்வான் என்பது, கூடப் பிறந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்கம்மா."

அவள் கையை நீட்டி வடக்கே காட்டினாள்.

அண்ணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நேத்து அனுப்பினப்பவும் இதே மாதிரி நிச்சயமாத்தான் இருந்தியா?"

படகு வடக்கே திரும்பியது. கொஞ்ச தூரம் படகுக்காரரின் முதுகு தெரிந்தது, பிறகு எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி பரவிப்போனது. சாலைக்கு அந்தப் பக்கம் மறுபடி கைதட்டினார்கள். படகிலிருந்து பார்த்தால் தெரியாது என்று தெரிந்தும், நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.