சாமி குடித்த டீ

"அப்பா, சாமிக்கு வாய் எங்கே இருக்கு?" என்று யான்யான் கேட்டபோது லின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். "இருக்கிற இடத்துல இருக்கும், போ" என்று சொல்லிவிட்டான். குழந்தைக்குச் சொல்லும் பதிலில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

மறுநாள் மகளை ஒரு கையிலும் செத்த டேப்லெட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, சீனாவின் ஷென்ஜென் மின்னணுச் சந்தையில் மூன்றாம் மாடியிலிருந்த ஜுவாங்கின் கடைமுன் வந்து நின்றான். லின் அதே கட்டடத்தில் பார்சல் வண்டி தள்ளுகிறவன். ஜுவாங் மதர்போர்டு பழுது பார்க்கிறவர். இருவருக்கும் ஷான்டோவ் பக்கம்தான் ஊர். அந்த ஊர் வழக்கப்படி ஜுவாங்கின் மேஜையில் எத்தனை பேர் வந்தாலும் மூன்றே டீக் கிண்ணம். மேலே அலமாரியில் கையளவு சாமி. அவருக்குத் தனியாக ஒரு கிண்ணம். அன்றைய வேலை நெரிசலில் அது காய்ந்து கிடந்தது.

"ஜுவாங் அண்ணே, சும்மா வச்சிருந்தேன். தானாப் போயிருச்சு."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"ஒரு சொட்டு கிடையாது. சாமி சத்தியமா!"

பக்கத்துக் கடையில் செல்போன் திரை விற்கும் ஹுவா அக்கா சிரித்தாள். "இந்த மாடிக்கு வந்த எதுவும் நனைஞ்சதே இல்ல தம்பி. எல்லாம் தானாவே குளிச்சதுதான்!"

ஊர்த் திருவிழாவுக்குப் போக லினுக்கு லீவு கிடைக்கவில்லை. முந்தின நாள் அவன் கூடப்பிறந்த அண்ணன் அங்கிருந்து சாமியை வீடியோவில் காட்ட, லின் இங்கே டேப்லெட்டை நிறுத்தி ஆரஞ்சும் டீயும் படைத்திருக்கிறான். பாதிப் பூஜையில் சாமி இருண்டுபோனார்.

"சாயங்காலம் சாமி புறப்பாடு அண்ணே, இதுலதான் பார்க்கணும். இவ வேற நேத்துலேருந்து ஒரு வாய் சாப்பிடல."

யான்யான் தலை நிமிரவில்லை.

ஜுவாங் பின்மூடியைக் கழற்றி, உள்ளே தகரக் கவசத்தைத் தூக்கினார். குப்பென்று மலைத்தேயிலை மணம். உயர்ந்த ரகம்! சார்ஜ் செருகும் துளையிலிருந்து பழுப்பு ஓடை ஒன்று உள்ளே ஓடியிருந்தது. அந்தத் துளை லேசாகத் திறந்த வாய் போலவே இருந்தது.

லின் ஹுவா அக்காவுக்குப் பதில் சொல்லத் திரும்பிய நேரத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "சாமிக்குப் புரையேறிடுச்சா மாமா?"

ஜுவாங் துளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கறையைக் கழுவினார். மீட்டரை வைத்தால் இன்னும் 'பீப்' என்றது. மின்பாதை எங்கோ ஷார்ட். குங்கிலியப் புகை காட்டிப் போர்டை வெள்ளையாக்கி, மெல்ல மின்சாரம் கொடுத்தார். எள்ளளவு கெபாசிட்டர் ஒன்று மட்டும் சூடேறி, அதன் மேல் வெள்ளை உருகிற்று; ஷார்ட் அங்கேதான். அதைப் பிடுங்கியதும் மீட்டர் வாயை மூடிக்கொண்டது. பழைய போர்டு ஒன்றிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்துப் பற்றவைத்தார். திரையில் வெளிச்சம் வந்தது.

"எதனால போச்சு அண்ணே?"

"எள்ளு மாதிரி இருக்கு. அதைக் கூப்பிட்டு யாரு விசாரிக்கிறது?"

ஹுவா அக்கா மூக்கை உறிஞ்சினாள். "டீ வாசனை தூக்குதே?"

ஜுவாங் அவசரமாக மூன்று கிண்ணத்திலும் டீயை ஊற்றினார். "டீ இருந்தா வாசனை வராதா? குடி."

பிறகு குழந்தைப் பக்கம் குனிந்தார். "சாமி இதுக்குள்ள இல்லம்மா. இது ஜன்னல். ஜன்னல் மூடிக்கிச்சு, அவ்வளவுதான். டீயை முன்னால வச்சாப் போதும், அவரே எடுத்துப்பார். உன்மேல அவருக்குக் கோபமே இல்ல."

யான்யான் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அப்பாவின் பையிலிருந்த ஆரஞ்சை எடுத்து, தோலுரிக்கக்கூடப் பொறுக்காமல் கடித்தாள்.

ஜுவாங் கை கழுவிவிட்டு வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். ஹுவா அக்காவும் வாடிக்கையாளர் பின்னால் போயிருந்தாள். அவருடைய முக்காலி மட்டும் அலமாரிக்குக் கீழே நகர்ந்து கிடந்தது. மேலே, காலையிலிருந்து காய்ந்து கிடந்த சாமியின் கிண்ணத்தில் விளிம்பு வரை டீ. பலகையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.