பொங்கட்டும் என்று விட்ட கிணறு

கழிவுநீர்க் கிணற்றின் இரும்பு மூடியைத் தூக்கியதும் நாற்றம் கிரிலியின் முகத்தில் அறைந்தது. அடியில், ஊர்க்கழிவை மேட்டுக்குத் தள்ளும் பம்ப் முனகிக்கொண்டிருந்தது. மேலே கொழுப்பு மஞ்சளாய்ப் படிந்து, அதில் தலைமுடியும் ஈரத்துடைப்புத் தாள்களும் ஒட்டிக் கிடந்தன. அவள் வேலியோரம் ஓடி வாந்தி எடுத்தாள்.

பம்பின் அதிர்வை வைத்து அது எப்போது அடைபடும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருளை அவளும் கூட்டாளி டூகலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் என்றால் அவர்கள் இருவரும் ஒரு வாடகைக் கொட்டகையும்தான். குயின்ஸ்லாந்துக் கடலோரத்தின் அந்தச் சிற்றூர் நகரசபை, சோதனைக்கென்று சில கிணறுகளை விட்டிருந்தது. சோதனை விதி கிரிலியுடையது: எச்சரிக்கை வந்தபின் பம்பைத் தொடக்கூடாது. தொட்டுச் சுத்தம் செய்துவிட்டால், அது நிஜமாகவே நின்றிருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? எந்தெந்தக் கிணறு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதும் அவள்தான். திரையில் எல்லாம் சுத்தமாக இருந்தது.

இந்தக் கிணற்றுக்கு இப்போது எச்சரிக்கை வந்துவிட்டது.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு நோரீன் ஈரத்துண்டு ஒன்றை நீட்டினாள். அதில் யூகலிப்டஸ் தைலம் மணத்தது.

"மூஞ்சியத் தொடச்சுக்க, கண்ணு. இந்தக் கிணத்து வாசம் வந்தாலே, நான் சமைக்க ஆரம்பிச்சுட்டேன்னு எங்க கிளைவ் கிண்டல் பண்ணுவாரு."

அவள் கணவர் கிளைவ் பக்கவாதத்தில் விழுந்தவர். அவர் கட்டில் பின்ஜன்னலுக்கு அடியில். முன்பொரு முறை கிணறு பொங்கி, சாக்கடை வழியாக அறைக்குள் ஏறியபோது, அவரைத் தூக்க முடியாமல் நோரீன் துணிகளால் அணைபோட்டுக் காத்துக் கிடந்தாளாம். குறையாகச் சொல்லவில்லை. இப்போது நீங்களெல்லாம் மிஷின் வைத்துப் பார்த்துக்கொள்வதால் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று நன்றி சொன்னாள்.

கிரிலிக்கு மறுபடி குமட்டியது. கடவுள் அருவருப்பை மூக்குக்கு மட்டும் கொடுத்துவிடவில்லை.

டூகலைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் குதூகலமாக இருந்தான். எச்சரித்தபடி ஒரு பம்ப் நின்றுவிட்டால் போதும், ஒப்பந்தம் தருவதாக நகரசபைப் பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவ பொங்கட்டும், கிரிலி. வண்டி வந்து கழுவிட்டுப் போயிரும்."

"ஜன்னலுக்குக் கீழ ஒரு மனுஷன் எந்திரிக்க முடியாமக் கெடக்காரு."

"தொடக் கூடாதுன்னு நானா எழுதினேன்?"

அவன் சொன்னது உண்மை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட நாறியது. இணைப்பைத் துண்டித்து, நகரசபை மெக்கானிக் ட்ரென்டை அழைத்து, பம்பைத் தூக்க வரச்சொன்னாள்.

ட்ரென்ட் சங்கிலி போட்டுப் பம்பை மேலே இழுத்தான். விசிறியைச் சுற்றி, செத்த ஆட்டைப் போல ஒரு பொதி தொங்கியது. "அழகான குழந்தை. பேர் வச்சிரு," என்றான் ட்ரென்ட்.

காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்த டூகல் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தான். "இது சான்று இல்ல. வெறும் குப்பை. ஒப்பந்தம் போச்சு."

போனதுதான். இந்தப் பம்ப் நின்றிருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தன் உழைப்பு அந்தப் பொதியோடு சொட்டுவதைக் கிரிலி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். எச்சரிக்கை வந்த பம்பை உடனே தூக்குவோம். அதே நாளில், எச்சரிக்கை வராத இன்னொன்றையும் குலுக்கிப் போட்டுத் தூக்குவோம். இரண்டிலும் ஒட்டியிருப்பதை எடைபோடுவோம். மென்பொருள் சொல்வது மெய்யானால், எச்சரித்ததில்தான் எப்போதும் கனம் கூடுதலாக இருக்கும். அதற்கு யார் வீட்டிலும் பொங்க வேண்டியதில்லை.

"மாசக்கணக்கா ஆகும். அந்த நாத்தத்த எவன் எடை போடுவான்?" என்றான் டூகல்.

கிரிலி ட்ரென்டிடம் கையுறையும் தராசும் கேட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு, முழங்கை வரை அந்தப் பொதிக்குள் கையை விட்டாள்.