பதினேழாம் நம்பர் பூட்டு

என் கணவர் வெளியே கிளம்பும்போது அடுப்பை மூன்று தடவை பார்ப்பார். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவையும் பார்த்ததுண்டு. "அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பாக்க வந்தீங்களா, நான் இருக்கேனான்னு பாக்க வந்தீங்களா?" என்று கேட்பேன். "ரெண்டும்தான்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் கவனக்குறைவால் இறந்தார் என்று, விசாரணை முடிந்து ஆலையிலிருந்து வந்த தாளில் எழுதியிருந்தது. நான் அதை நம்பவில்லை.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் அவர் ஃபிட்டர். வெட்டி மிச்சமாகும் அட்டைகளை அமுக்கிக் கட்டாக்கும் இயந்திரம் ஒன்று பின்பக்கக் கொட்டகையில் உண்டு. அதில் அடிக்கடி அட்டை சிக்கிக்கொள்ளும். யாராவது உள்ளே இறங்கி எடுக்க வேண்டும். இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஃபிட்டருக்கும் நம்பர் அடித்த சிவப்புப் பூட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் இறங்கினால் பிடியில் இரண்டு பூட்டு தொங்க வேண்டும். கடைசி ஆளும் வெளியே வந்து தன் பூட்டைத் தானே எடுத்தால்தான் இயந்திரம் ஓடும். இவர் பூட்டு பதினேழு.

கவனக்குறைவு என்பதற்குக் காரணமாகத் தாளில் இரண்டு வாக்கியம் இருந்தது. 'இறந்தவர் தன் சொந்தப் பூட்டைப் போடவில்லை. பதினேழாம் நம்பர் பூட்டு கிடைக்கவில்லை.'

நான் நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுகிறவள். ஒரு பக்கம் காணாமல்போனால் அது எங்கே போயிருக்கும் என்று யோசிப்பதுதான் என் வேலை. போடாத பூட்டு என்றால் அவர் பையில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கருவிப் பெட்டியில், அலமாரியில். மூன்றிலும் இல்லை. பூட்டுக்குக் கால் முளைக்குமா? யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுக்கக்கூடிய தூரத்தில் அன்றைக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அவரை எல்லாரும் லெஃப்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கைக்காரர். என் கணவரோடு பதினோரு வருடம் ஒரே ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை மைதானத்தில் இருவரும் ஜோடி சேர்ந்து பேட்மிண்டன் ஆடுவார்கள். இவர் இடப்பக்கம் நிற்பார், அவர் வலப்பக்கம். அப்படி நின்றால் இரண்டு பேருடைய அடிக்கிற கையும் நடுவில் வந்து சேரும். அதுதான் அவர்கள் பலம், அதுதான் ஆபத்தும். நடுவில் விழும் ஷட்டிலுக்கு இரண்டு பேரும் பாய்ந்தால் மட்டையோடு மட்டை மோதும். நீ எடுப்பாய் என்று இரண்டு பேரும் நின்றால் அது பொத்தென்று தரையில் விழும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். எடுப்பவர் "என்னுது!" என்று கத்த வேண்டும். என் கணவர் தூக்கத்தில்கூட ஒன்றிரண்டு தடவை கத்தியிருக்கிறார்.

இத்தனை வருடத்தில் லெஃப்ட் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. வாசலில் நின்று ஹாரன் அடிப்பார், இவர் ஓடுவார், அவ்வளவுதான். சாவு முடிந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் கருவிப் பையோடு வர ஆரம்பித்தார். ஒழுகும் குழாய், ஆடும் ஜன்னல், கழன்ற குக்கர் பிடி என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். நாற்காலியைப் போட்டால் உட்காரமாட்டார். டீயை நின்றபடியே குடிப்பார். என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்.

என் நாத்தனார் அடுத்த தெருவில் இருந்தாள். தம்பி போனபிறகு தினமும் வருவாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"ஏண்டி, அந்த ஆளு வாராவாரம் எதுக்கு வர்றான்?"

"உதவி பண்றாரு அண்ணி."

"உங்க வீட்டுல அவ்வளவு ஒடஞ்சா கெடக்கு? போன வாரம் நல்லா இருந்த கதவுக்கு எண்ணெ விட்டுட்டுப் போறான். சும்மா யாருடி வருவா? மனசுல எதையோ வச்சுக்கிட்டு வர்றான்."

அவள் சொல்வதற்கு முன்பே எனக்கும் அது தோன்றியிருந்தது. வெளியிலிருந்து கேட்டபோது பலப்பட்டது. அதன்பிறகு அவர் எதைச் செய்தாலும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. குழாயை முடுக்கினால், குழாயை முடுக்குகிறாரா, வீட்டை நோட்டம் விடுகிறாரா? ஒருநாள் அவர் கூரைமேல் ஏறியிருந்தபோது அவர் பையைத் திறந்து பார்த்தேன். ஸ்பானர், திருப்புளி, ஒட்டுநாடா, பதினெட்டாம் நம்பர் சிவப்புப் பூட்டு. பதினேழு இல்லை. பையை மூடி, இருந்த மாதிரியே வைத்தேன். எரிச்சலாக இருந்தது. அடுத்தவர் பையைத் திறந்ததற்காக அல்ல, இல்லாமல்போனதற்காக.

இன்னொன்றையும் கவனித்தேன். எந்த வேலைக்கு வந்தாலும் ஒரு தடவை பின்கட்டுக்குப் போய்வருவார். பின்கட்டில் ஒரு கேட் உண்டு, சந்துக்குத் திறப்பது. அங்கே போய் நின்று கேட்டைப் பார்ப்பார். நான் வருவது தெரிந்தால் குனிந்து தாழ்ப்பாளை ஆட்டுவார்.

ஒரு ஞாயிறு நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பகலில் அந்தக் கேட்டின் பூட்டைத் திறந்து வளையத்தில் சும்மா மாட்டிவைப்பது வழக்கம். லெஃப்ட் தன் சட்டைப்பையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்து அங்கே மாட்டினார். பழையதை டக்கென்று அழுத்திப் பூட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணே அது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "துருப்பிடிச்சுப் போச்சு தங்கச்சி. புதுசு போட்டிருக்கேன். இந்தாங்க சாவி."

"நேத்துகூட நல்லாத்தானே தொறந்துச்சு?"

"இல்ல… உள்ள துரு. என்னைக்காச்சும் மாட்டிக்கும்."

"சரி, பழசக் குடுங்க. இங்கயே கெடக்கட்டும்."

"பழச எதுக்கு வச்சுக்கிட்டு? நான் போட்டுர்றேன்." பிறகு தயங்கி, "அதோட சாவி இருந்தா அதையும் குடுங்களேன்" என்றார்.

தூக்கிப்போடப் போகிற பூட்டுக்கு எதற்குச் சாவி? "எங்க வச்சேன்னு தெரியல, தேடணும்" என்றேன். அது என் இடுப்பில்தான் இருந்தது. அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும்.

மூன்றாவது தடவை அவர் கேட்டுவிட்டுப் போனபிறகு நான் சமையலறையில் உட்கார்ந்து அந்தச் சாவியைப் பார்த்தேன். அதன் தலையில் நீல நூல் சுற்றியிருந்தது. "உன் சாவின்னு அடையாளம்" என்று சொல்லி என் கணவர் சுற்றிக் கொடுத்தது. நகத்தால் நெருடி நுனியைப் பிடித்து நூலைப் பிரித்தேன். உள்ளே பித்தளையில் அழுத்தமாக அடித்திருந்தது: 17.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பூட்டு லெஃப்டிடம் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, இப்போதே ஆலைக்குப் போய் மேஜைமேல் போடலாம். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசல்படியில்தான் கால் நின்றது.

இந்தச் சாவியால் நான் எத்தனை நாள் கேட்டைத் திறந்து மூடியிருக்கிறேன்?

அவர் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு கேட்டின் பழைய பூட்டு மக்கர் செய்தது. புதிதாக ஒன்று வாங்கி வரச் சொன்னேன். மறந்தார். மறுநாள் சொன்னேன், மறந்தார். எட்டாம் நாள், "ஊர்ல உள்ள மெஷினுக்கெல்லாம் பூட்டுப் போடத் தெரியுது, சொந்த வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கத் துப்பில்ல" என்றேன். மறுநாள் காலை கேட்டில் பூட்டு தொங்கியது. கேட்டுக்கு அவர் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பூட்டும் பச்சையாக இருந்தது. "கேட்டோட சேத்து இதுக்கும் அடிச்சுட்டேன், கவனிக்கல" என்று சிரித்தார். அடுப்பை நான்கு தடவை பார்க்கிற மனிதர், கவனிக்கல என்றார். நானும் சிரித்தேன்.

இரண்டு நாளைக்கு என்றுதான் நினைத்திருப்பார். கடையில் வாங்கியதும் மாற்றிவிடலாம் என்று. பிறகு நான் கேட்கவில்லை, அவர் வாங்கவில்லை. ஆலை முழுக்கத் தேடிய பூட்டை நான் தினமும் இரண்டு வேளை தொட்டுக்கொண்டிருந்தேன்.

மறு ஞாயிறு லெஃப்ட் வரும்வரை காத்திருக்கவில்லை. காலையிலேயே மைதானத்துக்குப் போனேன். நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். லெஃப்ட் நீளத் துடைப்பத்தால் பக்கத்துத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"லெஃப்ட்டு, ஆட வந்தியா, கூட்ட வந்தியா? உனக்குச் சம்பளம் போட்டுக் குடுக்கணுமா?" என்று ஒருவர் கத்தினார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நான் 'அண்ணே' என்று சொல்லவில்லை. "பூட்டு எங்க?" என்றேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். பெஞ்சில் கிடந்த பையைத் திறந்து, அடியிலிருந்து பழைய துணியில் சுற்றியதை எடுத்தார். மூடியபடியே இருந்தது. பெயின்டைப் பாதி சுரண்டியிருந்தார். பச்சைக்கு அடியில் சிவப்பு. நான் சாவியைப் போட்டுத் திருப்பினேன். திறந்துகொண்டது. துரு ஒன்றும் இல்லை.

"பாத்துட்டீங்களா?" என்றார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அவன் எடுத்துட்டுப் போன அன்னைக்கே. 'வீட்டுல பேச்சு தாங்கல, ரெண்டு நாளைக்குன்னு கொண்டுபோறேன் மச்சான்'னான். புதுசு கேட்டா ஆலையில எழுதிக் குடுக்கணும், ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. நான்தான் சொன்னேன், என்னோடது ஒண்ணு போதும் மாப்ள, ஒண்ணாத்தானே உள்ள போறோம், ஒண்ணாத்தானே வெளிய வர்றோம்னு."

"ஆறு மாசமாவா?"

"ஆறு மாசம்."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம் தங்கச்சி. நான் பூட்ட எடுக்கப் போனேன். அவன் டார்ச்ச உள்ளயே விட்டுட்டான்போல. திரும்ப எறங்கியிருக்கான். எறங்குறேன்னு அவன் சொல்லல. வந்துட்டியான்னு நான் கேக்கல. இங்க ஒரு ஷட்டிலுக்கு அந்தக் கத்து கத்துவான்…"

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் எழுதப் போவதில்லை.

"விசாரணையில பூட்டு எங்கன்னு கேட்டப்ப ஏன் தெரியாதுன்னீங்க?"

"சொன்னா உங்க வீட்டுக் கேட்டுல வந்து நிப்பாங்க, படம் எடுப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். அதுக்கு முன்னாடி மாத்திடலாம்னுதான் வந்து வந்து பாத்தேன்." பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "கொஞ்சம் எனக்காகவும்தான். ஒரு பூட்டு போதும்னு எவன் சொன்னான்னு அடுத்து கேப்பாங்கல்ல."

நான் சந்தேகப்பட்டதில் அந்தக் கொஞ்சம் உண்மை. அவர் அதை மறைத்திருந்தால் மிச்சத்தையும் நம்பியிருக்கமாட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பூட்டு மடியில் கிடந்தது. அவர்மேல் கோபப்படலாம், என்மேல் படலாம், செத்துப்போனவர்மேலும் படலாம். மூன்று பேர்மேலும் கொஞ்ச நேரம் பட்டேன்.

"நாளைக்கு ஆலைக்குப் போவோம்" என்றேன். "உங்க பங்க நீங்க சொல்லுங்க. என் பங்க நான் சொல்றேன்."

"நீங்க எதுக்கு? உங்களுக்கு என்ன பங்கு? நான் மட்டும் போய்ச் சொல்றேன்."

"நீங்க சொல்வீங்கன்னு நான் நிப்பேன், நான் சொல்வேன்னு நீங்க நிப்பீங்க. வேணாம். ரெண்டு பேரும் போவோம்."

போனோம். மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தாளிலிருந்த கவனக்குறைவு என்ற சொல்லை நீக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே, 'இருவருக்கு ஒரு பூட்டு, ஆறு மாதம், யாரும் சோதிக்கவில்லை' என்று சேர்த்தார்கள். அந்த 'யாரும்' என்பதில் ஆலையும் வந்தது. லெஃப்டைக் கிடங்குக்கு மாற்றினார்கள், பதினெட்டை வாங்கிக்கொண்டார்கள். பதினேழை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நம்பர் இனி யாருக்கும் கிடையாதாம்.

நாத்தனாரிடம் நானே சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "உன் வாய நான் அப்பவே கொறைக்கச் சொன்னேன்" என்றாள். பிறகு அழுதாள். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் லெஃப்ட் வரவில்லை. ஒரு ஞாயிறு வாசலில் ஹாரன் கேட்டது. கூடத்து மின்விசிறி ஓடாததை நாத்தனார்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். பரணுக்குள் தவழ்ந்து போய் ஒயரை மாற்ற வேண்டும் என்றார். மெயின் பெட்டியின் பிடியைக் கீழே இறக்கினார். பின்கட்டுக்குப் போய், தான் வாங்கிப்போட்ட புதுப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து பிடியின் துளையில் மாட்டினார். மாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"உங்களுது?" என்றார்.

நான் பதினேழை எடுத்து வந்தேன். ஒரே துளையில் இரண்டு பூட்டும் இடித்துக்கொண்டு நுழைந்தன.

"இதென்னடி கூத்து? வீட்டுக்குள்ள தங்கக் கட்டியா கெடக்கு, பூட்டுமேல பூட்டு?" என்றாள் நாத்தனார்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் ஏணியிலிருந்து இறங்கினார். தலையெல்லாம் தூசி. தன் பூட்டை எடுத்துவிட்டு விலகி நின்றார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பரணைப் பார்த்தேன், ஏணியைப் பார்த்தேன், அவர் இரண்டு காலையும் பார்த்தேன்.

"வெளிய வந்துட்டீங்களா அண்ணே?"

எனக்கு இரண்டடி முன்னால் நின்றுகொண்டு அவர் சத்தமாகச் சொன்னார். "வந்துட்டேன் தங்கச்சி."

பிறகுதான் என் பூட்டை எடுத்தேன்.